வாயில்லாச் சீவனின் தீனைப் பார்த்து வாங்குவோம்

மாடு வாங்கப் போகிறவர்கள் மடியைப் பார்ப்பார்கள், பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள். சிலர் நாள், நட்சத்திரமும் பார்ப்பார்கள். ஆனால் அந்த மாட்டுக்கு நாளும் பொழுதும் போடப்போகும் வைக்கோலையும் தவிட்டையும் பிண்ணாக்கையும் அதே கவனத்தோடு பார்த்து வாங்குகிறவர்கள் எங்களில் எத்தனை பேர்? "மாடுதானே, எதைப் போட்டாலும் தின்னும்" என்ற சொல்லை நான் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். மாடு எதையும் தின்னும் என்பது உண்மையல்ல. பசித்தால் எதையும் தின்னும் என்பதே உண்மை. அந்தப் பசியை நம்பிக் கெட்ட தீனைப் போட்டால் பால் குறையும், சினைப்படுவது பிந்தும், சில வேளைகளில் மாடே போய்விடும். மாடு ஒன்றையே முதலாக வைத்து வாழும் குடும்பத்துக்கு அது சிறிய இழப்பல்ல.

நான் தென்மராட்சியைச் சேர்ந்தவள். 2009 இல் கணவரை இழந்தேன். 2010 இல் இரண்டு பிள்ளைகளோடு ஊர் திரும்பியபோது வளவில் கிணறும் சில பனைகளும் மட்டுமே மிஞ்சியிருந்தன. அடுத்த ஆண்டில் வாழ்வாதார உதவியாக ஒரு பசு கிடைத்தது. அந்த ஒரு பசுவிலிருந்து வந்தவையே இன்று கொட்டிலில் நிற்கும் மூன்று மாடுகளும். பால் விற்ற காசில் ஆடும் வாங்கினேன். பிள்ளைகளின் கொப்பி, சீருடை, ரியூசன் காசு எல்லாம் இந்தக் கொட்டிலில் இருந்துதான் வந்தன. மூத்தவள் விடிய எழும்பி ஓலை கிழித்துப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாள். இன்று அவள் திருமணமாகி நோர்வேயில் இருக்கிறாள்.

அண்மையில் அவள் தொலைபேசியில் கேட்ட கேள்விதான் இதை எழுதத் தூண்டியது. பேத்திக்கு ஒரு சோடி கினிப்பன்றிகள் வாங்கிக் கொடுத்திருக்கிறார்களாம். "அம்மா, இஞ்சை கடையிலை உலர்ந்த புல்லு பையிலை விக்கிறாங்கள். ஒவ்வொரு பையும் ஒவ்வொரு மாதிரி. நீங்கள் வைக்கல் வாங்கேக்கை எப்பிடிப் பாத்து வாங்கிறனீங்கள்?" என்று கேட்டாள். "பிள்ளை, முதலிலை பையைத் திறந்து மணந்து பார்" என்று தொடங்கி, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் அங்குள்ள மிருக வைத்தியரிடம் கேட்டறிந்ததை எனக்குச் சொன்னாள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, எங்கள் சகோதரிகளுக்கும் பயன்படும் என்று தோன்றியது.

முதலில் ஒரு வித்தியாசத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். வைக்கோல் வேறு, உலர்புல் வேறு. நெல் முற்றி, சத்தெல்லாம் மணிக்குள் போன பிறகு மிஞ்சும் தாளே வைக்கோல். அதில் புரதம் மிகக் குறைவு. நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான். உலர்புல் என்பது பூத்து விதை கட்டுவதற்கு முன்பே பச்சையாக அறுத்து வெயிலில் காயவைத்த புல். அதில் சத்து இருக்கும், பச்சை நிறமும் மிஞ்சியிருக்கும். எங்கள் ஊரில் உலர்புல் செய்யும் வழக்கம் குறைவு. எங்களுக்கு வைக்கோலும் பனையோலையும்தான். எது வாங்கினாலும் சோதிக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே.

கண், மூக்கு, கை ஆகிய மூன்றாலும் பார்க்க வேண்டும். நல்ல வைக்கோல் பொன் மஞ்சளாக, சற்றுப் பச்சை கலந்து இருக்கும். உலர்புல்லில் இலைப்பகுதி கூடுதலாகவும் தண்டு குறைவாகவும் இருப்பது நல்லது. கறுப்பு, சாம்பல் அல்லது வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்று பொருள். மூக்குக்கு அருகில் பிடித்தால் காய்ந்த புல்லின் இனிய மணம் வரவேண்டும். புளித்த மணமோ ஈரச்சாக்கின் மணமோ வந்தால் வேண்டாம். ஒரு பிடியை எடுத்து உதறிப் பாருங்கள். புகைபோலத் தூசி கிளம்பி உங்களுக்கு இருமல் வந்தால், அதைத் தின்னும் மாட்டுக்கும் வரும். கடைசியாக, ஒரு பிடியை முறுக்கிப் பாருங்கள். நன்றாகக் காய்ந்தது முறுகி நொறுங்கும். ஈரமானது துவண்டு வளையும்.

எங்கள் குடாநாட்டில் மழையை நம்பிய காலபோகம் ஒன்றுதான். தை, மாசியில் அறுவடை. அந்த நேரத்தில் பருவம் தப்பி ஒரு மழை பெய்தால் நெல்லோடு வைக்கோலும் நனையும். சூடு மிதித்த காலத்தில் நீண்ட தாள் கிடைத்தது. இப்போது மெசினால் வெட்டுவதால் தாள் நொறுங்குகிறது, வயல் ஈரமாக இருந்தால் சேறும் சேர்கிறது. இயந்திரத்தால் உருட்டிக் கட்டிய கட்டுகள் வெளியே பொன்னிறமாக இருந்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்பது வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஈரத்தோடு கட்டிய வைக்கோல் உள்ளே சூடேறும். ஆகவே கட்டின் நடுவுக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடாக இருந்தால் அது பழுதாகத் தொடங்கிவிட்டது. ஈர வைக்கோல் பாரமும் கூட. நிறைக்குக் காசு கொடுத்தால் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள்.

ஒருமுறை ஒரு வியாபாரி உழவு இயந்திரத்தில் வைக்கோல் கொண்டு வந்து படலையில் நிறுத்தினார். மேலே இருந்த கட்டுகள் நல்லவை. நான் கீழே இருந்த கட்டுக்குள் கையை விட்டேன். சூடாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தது. இழுத்துப் பார்த்தால் வெள்ளைப் பூஞ்சணம். "அக்கா, இதெல்லாம் மாடு தின்னும். வீட்டிலை ஆம்பிளையள் இருந்தால் கூப்பிடுங்கோ, கதைக்கிறன்" என்றார். "தம்பி, மாட்டுக்குத் தீன் வைக்கிறதும் நான், காசு தாறதும் நான். என்னோடை கதையுங்கோ" என்றேன். நல்ல கட்டுகளை மட்டும் இறக்கி, மற்றவற்றைத் திருப்பி அனுப்பினேன். அதன் பிறகு அவர் எனக்குக் கூடாத வைக்கோல் கொண்டு வந்ததில்லை. பெண் தனியே நடத்தும் வீடு என்றால் எதையும் தள்ளிவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. பொருளைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

நல்லதாக வாங்கியதைக் கெடாமல் வைப்பதும் வேண்டும். வைக்கோற் போரை நிலத்தில் நேரே குவிக்காமல், பனங்குற்றி அல்லது கல் அடுக்கி அதன்மேல் போட்டால் ஈரமும் கறையானும் ஏறாது. மேற்பக்கத்தைக் கூராக்கிக் கிடுகால் வேய்ந்துவிட்டால் மாரி மழை வழிந்தோடும். பொலித்தீனால் முழுவதும் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். மேலே மூடிப் பக்கங்களில் காற்றோட விடுங்கள்.

வைக்கோல் வயிற்றை நிரப்பும், ஆனால் பாலைத் தராது. பச்சையும் வேண்டும். கோடையில் புல் கருகும்போது எங்களுக்குக் கைகொடுப்பது பனை. பச்சை ஓலையை ஈர்க்கு நீக்கி மெல்லியதாகக் கிழித்துப் போட்டால் மாடுகள் விரும்பித் தின்னும். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவை, பூவரசு, முருங்கை எல்லாம் தீன்தான். குறிப்பாகச் சீமைக்கிளுவையில் புரதம் அதிகம். அதன் மணத்துக்கு முதலில் முகம் திருப்பும் மாடுகள், ஒருநாள் வாடவிட்டுப் போட்டால் பழகிவிடும். இப்பில் இப்பில் இலையும் நல்லதுதான். ஆனால் மொத்தத் தீனில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படக்கூடாது. அளவு மீறினால் மயிர் உதிரும். மரவள்ளி இலையைப் பச்சையாகப் போட வேண்டாம். அதில் சயனைட் நஞ்சு உண்டு. நன்றாகக் காயவிட்டுக் கொஞ்சமாகப் போடலாம். இடமும் தண்ணீரும் உள்ளவர்கள் கினிப்புல்லையோ, கோயம்புத்தூரில் உருவாக்கப்பட்ட கோ 3 புல்லையோ கிணற்றடியில் நட்டுக்கொள்ளலாம். குளிக்கும் தண்ணீரே அதற்குப் போதும்.

வைக்கோலைச் சத்தேற்றும் முறை ஒன்றும் உண்டு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, காற்றுப் புகாமல் இரண்டு மூன்று கிழமை மூடி வைக்க வேண்டும். பிறகு எடுத்து, காரமான மணம் போகும்வரை காற்றில் ஆறவிட்டுப் போடலாம். வைக்கோல் மென்மையாகும், புரதமும் கூடும். ஆனால் யூரியா விளையாட்டுப் பொருள் அல்ல. கரையாத யூரியாவை மாடு நக்கினால் உயிர் போகும். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு இந்த வைக்கோலே கூடாது. முதன்முறை செய்யும்போது உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்தது தவிடும் பிண்ணாக்கும். தவிட்டில் உமியை அரைத்துக் கலப்பது பழைய கள்ளம். ஒரு பிடி தவிட்டை உள்ளங்கையில் வைத்து இறுக்கினால் நல்ல தவிடு கட்டியாக நிற்கும். உமி கலந்தது உதிரும். ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டால் உமி மிதக்கும். நல்ல தவிட்டில் எண்ணெய்த்தன்மை உள்ளதால் சில நாட்களிலேயே சிக்கு மணம் பிடிக்கும். ஆகவே மலிவு என்று மூட்டை மூட்டையாக வாங்கி வைக்காதீர்கள். தேங்காய்ப் பிண்ணாக்கும் அப்படியே. எள்ளுப் பிண்ணாக்கில் புரதம் அதைவிட ஏறக்குறைய இருமடங்கு. விலையும் கூட என்பதால் குறைந்த அளவில் கலந்து போடலாம்.

பிண்ணாக்கில் பச்சை, மஞ்சள் அல்லது கறுப்புப் பூஞ்சணம் கண்டால் அந்தப் பகுதியை மட்டும் உடைத்தெறிந்துவிட்டு மிச்சத்தைப் போடும் வழக்கம் எங்களிடம் உண்டு. இது மிகவும் கூடாது. அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃபிளாரொக்சின் என்ற நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் மற்றப் பகுதியிலும் பரவியிருக்கும். மாட்டின் ஈரலைக் கெடுப்பதோடு பாலிலும் வரும். பாலைக் காய்ச்சினாலும் அந்த நஞ்சு அழியாது. மாட்டுக்குப் போட்டது எங்கள் பிள்ளையின் தேநீருக்குள் வந்து சேர்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

குளிசைபோல உருட்டிய தீனைப் பையில் வாங்குகிறவர்கள் பையில் எழுதியிருப்பதை வாசிக்க வேண்டும். எந்த மிருகத்துக்கு உரியது, புரதம் எவ்வளவு, நார் எவ்வளவு, செய்த திகதி எது, எதுவரை பாவிக்கலாம் என்பவற்றைப் பாருங்கள். உடைத்த மூட்டையில் இருந்து நிறுத்துத் தரும் தீனில் இவை ஒன்றும் தெரியாது. நல்ல குளிசை உடையாமல், ஒரே நிறமாக இருக்கும். பையின் அடியில் அதிகம் மாவாகக் கிடந்தால் பழையது அல்லது ஈரம் பட்டது. கோழித்தீனை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போடக்கூடாது. மாட்டுத்தீனைச் செம்மறிக்குப் போடுவதும் ஆபத்து. மாட்டுக்குச் சேர்க்கும் செப்புச் சத்தைச் செம்மறியின் உடல் தாங்காது. எந்தத் தீனையும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மாற்றுங்கள். கறவை மாட்டுக்கு ஏறத்தாழ இரண்டரை லீற்றர் பாலுக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் செறிவுத்தீன் போதும். அதற்குமேல் கொட்டினால் பால் கூடாது. நார்த்தீன் குறைந்து செறிவுத்தீன் கூடினால் பாலின் கொழுப்புத்தான் குறையும். கொழுப்பை அளந்து விலை போடும் இடத்தில் பால் கொடுக்கிறவர்களுக்கு இது நேரே கைக்காசு.

இனி, பேத்தியின் கினிப்பன்றிகளுக்கு வருவோம். பெயரில்தான் பன்றி, முயலைவிடச் சிறிய கொறிக்கும் பிராணி அது. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறைச்சிக்காக வளர்த்து வருகிறார்கள். பெரு நாட்டின் மலைக்கிராமங்களில் இன்றும் பெண்கள் குசினிக்குள்ளேயே வளர்த்து, புல் அறுத்துப் போடுகிறார்களாம். எங்கள் கோழி வளர்ப்பைப் போன்றதுதான். ஐரோப்பாவில் அது பிள்ளைகளின் செல்லப்பிராணி.

அதன் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். நீண்ட நார்ப்புல்லை நாள் முழுதும் அரைத்தால்தான் பல் தேயும், வயிறும் ஓடும். ஒருநாள் தின்னாமல் இருந்தாலே உயிருக்கு ஆபத்து. ஆகவே உலர்புல்தான் அதன் முக்கிய உணவு. குளிசைத்தீன் நாளொன்றுக்கு ஒரு மேசைக்கரண்டி அளவில்தான். அங்கே விற்கும் திமோதிப் புல் நல்லதாம். அல்பால்பா என்ற அவரையினப் பயிரில் கல்சியம் கூடுதல் என்பதால் குட்டிகளுக்கும் சினைப்பட்டதற்கும் மட்டும்தான். வளர்ந்ததற்குத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீர்ப்பையில் கல் வரலாம். எங்கள் நெல் வைக்கோலைப் படுக்கையாகப் போடலாம், உணவாகப் போதாது.

இன்னொன்றும் உண்டு. மாடு, ஆடு, முயல் எல்லாம் விற்றமின் சி யைத் தங்கள் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும். மனிதரைப் போலக் கினிப்பன்றிக்கும் அது முடியாது. 1907 இல் இந்த உண்மைக்கு வழிகாட்டியவர்கள் மகள் இருக்கும் நோர்வே நாட்டவர்களான ஹோல்ஸ்ற், ஃபுறோலிக் என்ற இருவர். வெறும் தானியத்தைத் தின்ற கினிப்பன்றிகளுக்கு, கடலோடிகளைக் கொன்ற ஸ்கேவி நோய் வந்ததையும், பச்சைக் காய்கறி கொடுத்தபோது அது வராமல் நின்றதையும் அவர்கள் கண்டார்கள். ஆகவே முயலுக்கான குளிசை கினிப்பன்றிக்குப் போதாது. விற்றமின் சி சேர்த்ததைத்தான் வாங்க வேண்டும். அந்த விற்றமினும் செய்து மூன்று மாதத்தில் பெருமளவு அழிந்துவிடும் என்பதால் திகதி முக்கியம். நிறம் நிறமாக விதையும் பழமும் கலந்த பையைப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். சீவனுக்கு அது கூடாது. கறிமிளகாய்த் துண்டு ஒன்று போதும் என்று வைத்தியர் சொன்னாராம். பேத்திக்கு ஆறு வயது. வாங்கி வரும் பையை இப்போது அவள்தான் முதலில் மணந்து பார்க்கிறாளாம்.

போடக்கூடாதவற்றையும் சொல்லியாக வேண்டும். கலியாண வீட்டிலோ அன்னதானத்திலோ மிஞ்சிய சோற்றை வாளி நிறைய மாட்டுக்கு வைப்பதைப் புண்ணியம் என்று நினைக்கிறோம். பழக்கமில்லாத மாடு நிறையச் சோறு தின்றால் வயிற்றில் அமிலம் பெருகி, ஓரிரு நாளிலேயே விழுந்துவிடும். எங்கள் அயலில் ஒரு தாயின் கறவைப் பசு அப்படித்தான் செத்தது. மறுநாள் பால் ஊற்றக் காசில்லாமல் போனது அந்த வீட்டுக்குத்தான். பட்டிப் பொங்கலன்றும் ஒரு கவளத்தோடு நிறுத்துங்கள். வெங்காயத் தோட்டத்தில் ஒதுக்கிய தாளையும் அழுகல் வெங்காயத்தையும் மாட்டுக்குக் கொட்டாதீர்கள். அது மாட்டின் இரத்தத்தைக் கெடுக்கும். மருந்தடித்த தோட்டத்து வரம்பில் புல் அறுக்காதீர்கள். இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடு வந்தது என்று சொல்லப்படும் பார்த்தீனியம் கலந்த புல்லைத் தின்றால் பால் கசக்கும். சந்தைக் கழிவைப் போடுகிறவர்கள் பொலித்தீன் துண்டு ஒன்றுகூட இல்லாமல் பொறுக்கிவிட வேண்டும்.

2022 மார்கழியில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் செத்தன. நாடு பொருளாதார நெருக்கடியில் தத்தளித்த ஆண்டு அது. தீன் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. வெளியில் நனைந்து நின்றவையும் மெலிந்தவையும்தான் முதலில் விழும். குளிரை எங்களால் நிறுத்த முடியாது. ஆனால் வயிறு நிறைய நார்த்தீன் தின்ற மாட்டுக்கு அந்தத் தீன் செரிக்கும்போதே உடலில் சூடு பிறக்கும். மழை தொடங்குமுன் உலர்ந்த வைக்கோலும் ஒழுகாத கூரையும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதை அந்த மார்கழி எங்களுக்குக் கற்பித்தது.

சகோதரிகளே, இதற்குப் பெரிய படிப்பும் பெரிய முதலும் தேவையில்லை. நான்கு வீட்டுக்காரர் சேர்ந்து மாசியில் வயலிலேயே நல்ல வைக்கோலைப் பார்த்து ஒன்றாக ஏற்றினால் ஏற்றுக்கூலி குறையும், தரமும் தெரியும். ஒரு கொப்பியில் தீனுக்குக் கொடுத்த காசையும் கறந்த பாலையும் நாளாந்தம் எழுதுங்கள். எந்தத் தீன் பாலாக வருகிறது, எது சாணமாகப் போகிறது என்பதை அந்தக் கொப்பியே ஒரு மாதத்தில் சொல்லிவிடும். வியாபாரியின் முன்னால் கூச்சப்படாமல் கட்டைப் பிரித்துப் பாருங்கள், மணந்து பாருங்கள், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லுங்கள். வாயில்லாச் சீவனுக்காக நாங்கள்தானே வாய் திறக்க வேண்டும்.